செனட் வேட்பாளர் பாதியில் விலகினால் அடுத்து யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்க செனட் தேர்தலைப் பற்றித்தான். வேட்பாளர் விலகினால் கட்சி என்ன செய்யும், யார் முடிவு செய்வது, எதுவரைக்கும் மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் பாதிப் பேர் எந்த மாநிலம் என்றே எழுதவில்லை. மாநிலம் தெரியாமல் இதில் ஒரு வரிகூட உருப்படியாகச் சொல்ல முடியாது, அடுத்த முறை எழுதும்போது முதல் வரியிலேயே அதைப் போடுங்கள்.

கேள்வி: பிரைமரியில் (நவம்பர் தேர்தலுக்கு முன் வேட்பாளரை முடிவு செய்யும் முதற்கட்ட வாக்கெடுப்பில்) ஜெயித்தவர் விலகிவிட்டால் கட்சித் தலைமை வேறு ஆளை அறிவித்துவிட முடியும்தானே?

எந்தத் தலைமை? நம் ஊர்க் கட்சிகளைப் போல மேலிடம் ஒரு பட்டியல் வெளியிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். செனட் தேர்தலை நடத்தும் முறையை அரசமைப்புச் சட்டம் முதலில் மாநிலங்களிடம்தான் விட்டிருக்கிறது, அதனால் 50 மாநிலத்துக்கும் 50 விதமான சட்டம். பெரும்பாலான இடங்களில் கட்சியின் மாநிலக் கமிட்டி கூடி முடிவெடுக்கும், சில இடங்களில் அதற்கென்றே ஒரு மாநாடு கூட்டுவார்கள். வாஷிங்டனில் இருப்பவர்கள் போன் போடலாம், பணம் தருகிறேன் என்றோ தரமாட்டேன் என்றோ சொல்லலாம், அவ்வளவுதான்.

மொன்டானாவில் 2014-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜான் வால்ஷ் ராணுவக் கல்லூரியில் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மற்றவர்கள் எழுத்தை எடுத்துப் போட்டிருந்தது வெளியே வந்து, ஆகஸ்ட் 7-ம் தேதி போட்டியிலிருந்து விலகினார். புதுப் பெயர் கொடுக்க ஆகஸ்ட் 20 கடைசி நாள். இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 16-ம் தேதி ஹெலனாவில் கூடினார்கள், நூற்றுச் சொச்சம் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள், மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கணக்கு டீச்சர் அமாண்டா கர்ட்டிஸ் தேர்வானார். நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் டெய்ன்ஸிடம் தோற்றார், அது வேறு விஷயம். முறையாக, நாளுக்குள், எல்லார் கண் முன்னாலும் நடந்த மாற்றம் அது.

கேள்வி: அப்போது பிரைமரியில் இரண்டாவதாக வந்தவருக்கு உரிமை கிடையாதா?

பொதுவாகக் கிடையாது. கமிட்டி விரும்பினால் அவரையே போடலாம், வேண்டாம் என்றால் இல்லை. அலாஸ்கா தனி ரகம். அங்கே பிரைமரியில் முதல் நான்கு பேர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நவம்பருக்குப் போவார்கள், ஒருவர் 64 நாளுக்கு முன்பே விலகினால் ஐந்தாவது ஆள் மேலே வருவார். கட்சிக்கு அதில் வேலையே இல்லை.

கேள்வி: விலகக் கடைசித் தேதி என்ன?

மறுபடியும் மாநிலம் இல்லை. அலபாமாவில் 2017-ல் 76 நாள், மிசௌரியில் 2012-ல் 11 வாரம், நியூ ஜெர்சியில் 2002-ல் 51 நாள், எல்லாம் தேர்தலிலிருந்து பின்னோக்கி எண்ணியது. இவற்றில் சில பிறகு மாறியிருக்கலாம், அதனால் என்னை நம்பிக் காலண்டரில் வட்டம் போடாமல் உங்கள் மாநிலச் செயலாளர் (கட்சிப் பதவி அல்ல, தேர்தல் வேலைகளைப் பார்க்கும் மாநில அரசு அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு முன்னால் என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினருக்கும் குடிமக்களுக்கும் 45 நாள் முன்பே வாக்குச்சீட்டு அனுப்பியாக வேண்டும் என்று 2009-ல் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் அச்சடிக்க வேண்டும், அதற்கும் முன்னால் பெயர்கள் முடிவாக வேண்டும். நவம்பர் முதல் வாரத் தேர்தல் என்றால் உண்மையான கெடு ஆகஸ்ட், மிஞ்சிப் போனால் செப்டம்பர் தொடக்கம். அக்டோபரில் ஆளை மாற்றுவதைப் பற்றிச் செய்தியில் யாராவது சாவகாசமாகப் பேசினால், அவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: வேட்பாளர் விலகுவதாக டிவியில் சொல்லிவிட்டார். இனி அவர் பெயர் வாக்குச்சீட்டில் வராதே?

வரும். கையெழுத்துப் போட்ட காகிதம் தேர்தல் அலுவலகத்துக்குப் போகாதவரை அவர்தான் வேட்பாளர். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த தபாலில் இதே கேள்வி வருகிறது. இல்லினாயில் 2004-ல் ஜாக் ரயன் விலகுவதாக அறிவித்தது ஜூன் 25, முறைப்படி காகிதம் கொடுத்தது ஜூலை கடைசியில். இடையில் ஒரு மாதம் குடியரசுக் கட்சி ஆள் தேடி அலைந்தது.

காகிதம் கொடுத்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். கான்சஸில் 2014-ல் ஜனநாயகக் கட்சியின் சாட் டெய்லர் செப்டம்பர் 3-ம் தேதி, அதாவது கெடுவின் கடைசி நாளில், விலகல் கடிதம் கொடுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்டால் பதவியின் கடமைகளைச் செய்ய இயலாதவர் என்று வேட்பாளரே அறிவிக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். டெய்லர் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இன்ன பிரிவின்படி விலகுகிறேன் என்று பிரிவு எண்ணை மட்டும் குறிப்பிட்டிருந்தார். மாநிலச் செயலாளர் கிரிஸ் கோபாக், இது செல்லாது, பெயர் சீட்டில் இருக்கும் என்று சொல்லிவிட்டார். விஷயம் மாநில உச்ச நீதிமன்றம் போனது. பிரிவைக் குறிப்பிட்டாலே அந்தப் பிரிவு கேட்கும் அறிவிப்பையும் செய்ததாகத்தான் பொருள் என்று சொல்லி, செப்டம்பர் 18-ம் தேதி பெயரை எடுக்க உத்தரவிட்டார்கள். ஒரே ஒரு வாக்கியம் எழுதாமல் விட்டதற்கு இரண்டு வாரம் வழக்கு.

அப்புறம் அடுத்த சண்டை. கட்சி கட்டாயம் வேறு ஆளை நிறுத்த வேண்டுமா என்று இன்னொரு வழக்கு. வேண்டியதில்லை என்று மாவட்ட நீதிமன்ற அமர்வு அக்டோபர் 1-ம் தேதி தீர்ப்பளித்தது. சுயேச்சை கிரெக் ஆர்மனுக்கு வழி விடத்தான் ஜனநாயகக் கட்சி இடத்தைக் காலியாக விட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆர்மன் சுமார் 10 புள்ளி வித்தியாசத்தில் குடியரசுக் கட்சியின் பாட் ராபர்ட்ஸிடம் தோற்றார்.

கேள்வி: கருத்துக்கணிப்பில் பின்தங்கியிருக்கிறார், ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தால் கட்சி நல்ல ஆளை மாற்றிப் போடுவதில் என்ன தப்பு? வாக்காளர்களுக்கும் நல்லதுதானே? நியூ ஜெர்சியில் அப்படித்தானே செய்தார்கள்?

இதை எழுதியவர் நியூ ஜெர்சியையே உதாரணமாகக் காட்டியதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு இதில் 2002-லிருந்தே மனத்தாங்கல் உண்டு.

நடந்தது இதுதான். ராபர்ட் டாரிசெல்லி பதவியில் இருந்த செனட்டர், பரிசுப் பொருள்கள் வாங்கிய விவகாரத்தில் அந்த ஜூலையில் செனட் நெறிமுறைக் குழு அவரைக் கண்டித்தது. கண்டனத்துக்குப் பிறகும் அவர் வேட்பாளராகவே நீடித்தார், கட்சியும் கூடவே நின்றது. செப்டம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளர் டக்ளஸ் ஃபாரெஸ்டர் முந்திவிட்டார் என்று கணிப்புகள் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், செப்டம்பர் 30-ம் தேதி, தேர்தலுக்கு 36 நாள் இருக்கும்போது, டாரிசெல்லி விலகினார். சட்டத்தில் இருந்த கெடு 51 நாள். இரண்டு வாரம் தாண்டிவிட்டது.

ஜனநாயகக் கட்சி நீதிமன்றம் போனது. அக்டோபர் 2-ம் தேதி வாதம் கேட்டு அன்றைக்கே மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக மாற்றத்தை அனுமதித்தார்கள். கெடுவுக்குப் பிறகு மாற்றக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை, இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வேட்பாளர் இருக்கும் தேர்தல்தான் வாக்காளருக்கு முக்கியம் என்பது அவர்கள் வாதம். மறுபடி அச்சடிக்கும் செலவுக்காகக் கட்சி சுமார் 8 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். குடியரசுக் கட்சி நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, அங்கே தலையிட மறுத்துவிட்டார்கள். ஏற்கனவே மூன்று முறை செனட்டராக இருந்து ஓய்வு பெற்றிருந்த 78 வயது ஃபிராங்க் லாட்டன்பர்க் களமிறங்கினார், சுமார் 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், 2013-ல் இறக்கும்வரை செனட்டில் இருந்தார்.

லாட்டன்பர்க் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை அந்தத் தீர்ப்பின் மேல். 51 நாள் என்று சட்டத்தில் எண்ணாக எழுதி வைத்த பிறகு, அதற்கு அப்புறமும் முடியும் என்றால் அந்த எண் எதற்கு? இறந்துபோனவருக்கு மாற்று தேடுவது வேறு. அதில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, யாரும் நாள் பார்த்துச் செய்வதும் இல்லை. இங்கே எல்லாம் தெரிந்தே இருந்தது. கண்டனம் வந்த ஜூலையிலேயே, சட்டப்படி, ஒரு வழக்கும் இல்லாமல் ஆளை மாற்றியிருக்கலாம். கட்சி ஒரு பந்தயம் கட்டியது, தோற்கப் போகிறது என்று தெரிந்ததும் பந்தயத்தைத் திரும்பக் கேட்டது. ஃபாரெஸ்டர் டாரிசெல்லியை எதிர்த்து மாதக்கணக்கில் பணத்தையும் உழைப்பையும் கொட்டியிருந்தார், ஐந்து வாரம் இருக்கும்போது எதிரில் வேறு ஆள். தபால் வாக்குச்சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம், கையில் இருக்கும் சீட்டு செல்லுமா செல்லாதா என்று கேட்டு அலைய வேண்டும்.

ஜனநாயகக் கட்சி செய்தது என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குடியரசுக் கட்சி செய்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். வேட்பாளரின் சங்கடம் எல்லாம் வெளியே தெரிந்திருந்தும் கட்சி சும்மா இருந்தால், அதற்கான விலையைக் கட்சிதான் கொடுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ‘நல்ல ஆளை’ ஜூலையில் தேடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

கேள்வி: வேட்பாளர் விலக மறுத்தால் கட்சி நீக்க முடியுமா?

மிக அரிது. மிசௌரியில் 2012-ல் டாட் ஏகின் பாலியல் வன்முறை பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக அவருடைய கட்சியின் பெரிய தலைகளே விலகச் சொன்னார்கள், செனட் தேர்தல் நிதியை நிறுத்துவோம் என்றார்கள். ஆகஸ்ட் 21 மாலை 5 மணிவரை சும்மா விலகியிருக்கலாம், அப்புறமும் செப்டம்பர் 25 வரை நீதிமன்ற உத்தரவோடு விலகியிருக்கலாம். அவர் கையெழுத்துப் போடவில்லை, கதை முடிந்தது. எதிர்த்து நின்ற கிளேர் மெக்காஸ்கில் சுலபமாக ஜெயித்தார். அலபாமாவில் 2017-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராய் மூர் மீது புகார்கள் வந்தபோது 76 நாள் கெடு எப்போதோ போய்விட்டது, சீட்டிலிருந்து பெயரை எடுக்க வழியே இல்லை. ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் சுமார் 22 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார்.

கேள்வி: இறந்துவிட்டால்?

இதிலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இரண்டு காலியிடங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஒன்று வேட்பாளர் இடம், இன்னொன்று செனட் பதவி. மினசோட்டாவில் 2002 அக்டோபர் 25-ம் தேதி செனட்டர் பால் வெல்ஸ்டன் விமான விபத்தில் இறந்தார், மனைவியும் மகளும் அதே விபத்தில் போனார்கள். தேர்தலுக்கு 11 நாள். மீதியிருந்த பதவிக்காலத்துக்கு ஆளுநர் ஜெஸ்ஸி வென்ச்சுரா டீன் பார்க்லியை நியமித்தார். வேட்பாளர் இடத்துக்குக் கட்சி முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்தது. செனட்டுக்கு மட்டும் தனியாக ஒரு காகிதச் சீட்டு அடித்து, கையால் எண்ணினார்கள். ஏற்கனவே தபாலில் வெல்ஸ்டனுக்குப் போட்ட ஓட்டு மாண்டேலுக்குச் சேராது. கேட்பவர்களுக்குப் புதுச் சீட்டைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னபோது நாள் மிகக் குறைவாகவே இருந்தது. மாண்டேல் சுமார் 50 ஆயிரம் ஓட்டில் நார்ம் கோல்மனிடம் தோற்றார்.

மிசௌரியில் 2000-ல் நேர்மாறாக நடந்தது. ஆளுநர் மெல் கார்னஹன் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு இறந்தார், பெயரை மாற்ற நேரமில்லை, சீட்டில் அப்படியே இருந்தது. இறந்தவரே ஜான் ஆஷ்கிராஃப்டை ஏறக்குறைய 49 ஆயிரம் ஓட்டில் தோற்கடித்தார். புது ஆளுநர் ரோஜர் வில்சன், கார்னஹனின் மனைவி ஜீனை அந்தப் பதவியில் நியமித்தார்.

கேள்வி: வேறு மாநிலத்து ஆளைக் கொண்டுவரலாமா?

வரலாம். 30 வயது, 9 வருடக் குடியுரிமை, தேர்ந்தெடுக்கப்படும்போது அந்த மாநிலத்தில் வசிப்பது, இவ்வளவுதான் தகுதி. ஜாக் ரயன் இடத்துக்கு மேரிலாந்திலிருந்து ஆலன் கீஸைக் கூட்டி வந்தார்கள். பராக் ஒபாமா அவரை 70-க்கு 27 என்று வென்றார்.

கேள்வி: விலகியவர் வசூலித்த பணம் புதியவருக்குப் போகுமா?

நேராக மொத்தமாகப் போகாது. ஒரு வேட்பாளரின் கமிட்டி இன்னொரு வேட்பாளருக்குத் தேர்தலுக்கு 2,000 டாலர்தான் தரலாம். கட்சிக் கமிட்டிகளுக்கு மாற்ற வரம்பு கிடையாது. நன்கொடை கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டும் பார்க்கலாம்.

கேள்வி: கலிபோர்னியாவில் எப்படி?

மாநிலத்தை எழுதியதற்கு நன்றி. அங்கே பிரைமரியில் முதலிரண்டு இடம் பிடித்தவர்கள்தான் நவம்பருக்குப் போவார்கள். அவர்கள் கட்சி நிறுத்தியவர்கள் அல்ல, அதனால் கட்சி மாற்றவும் முடியாது.

கேள்வி: இந்தியாவைப் போல ‘மாற்று வேட்பாளர்’ வைத்துக்கொள்ளலாமே?

நம் பி-படிவத்தில் மாற்று வேட்பாளர் பெயரும் இருக்கும், உண்மைதான். ஆனால் அது மனுப் பரிசீலனையிலோ விலகல் கெடுவுக்குள்ளோ முதல் ஆள் போய்விட்டால் மட்டும் உதவும். கெடு தாண்டினால் இங்கே விலகவே முடியாது. அமெரிக்காவில் பிரைமரிக்கும் நவம்பருக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதால்தான் இத்தனை சிக்கல்.

கேள்வி: போட்டியிலிருந்து விலகினால் செனட்டர் பதவியும் போய்விடுமா?

போகாது. டாரிசெல்லி 2003 ஜனவரி வரையும், வால்ஷ் 2015 ஜனவரி வரையும் செனட்டராகவே இருந்தார்கள். பதவியை விட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ராஜினாமா எழுத வேண்டும்.