ஒரே வைனுக்கு ஒரு விமர்சகர் நூறை ஒட்டியும் இன்னொருவர் 20-க்கு 12-ம் போடுவது எப்படி? "பென்சில், சாக்லேட், ஈர மண்" எல்லாம் நிஜமாகவே வருகிறதா?

கேள்வி கேட்டவர், மெர்லோ திராட்சை அதிகம் சேர்ந்த இளம் சிவப்பு வைன் ஒன்றுக்கு வந்த சில விமர்சனங்களைப் படித்துக் குழம்பியிருக்கிறார். ஒருவர் கருப்பு செர்ரி, சாக்லேட் என்கிறாராம். இன்னொருவர் பென்சில் சீவல், ஈர மண் என்கிறாராம். மூன்றாமவர் "முரட்டு வைன், பத்து வருடம் தொடாதீர்கள்" என்று முடித்துவிட்டாராம். இதில் யாரை நம்புவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழப் பட்டியலை அரைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். துவர்ப்பைப் பற்றி எழுதியிருக்கும் வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நான் காரைக்காலிலிருந்து பிரான்ஸுக்கு வந்தவன். பாரிஸில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, பரிமாறுபவனாகி, இப்போது ஒரு சின்ன வைன் கடையில் நிற்கிறேன். விமர்சகன் இல்லை. ஆனால் விமர்சகர் போட்ட மார்க்கைக் கைபேசியில் காட்டி "இது இருக்கா?" என்று கேட்பவர்களை வாரம் முழுக்கப் பார்க்கிறேன்.

மெர்லோவின் சொந்த ஊர் என்றால் பிரான்ஸின் போர்தோ பகுதிதான். அதிலும் தோர்தோஞ் ஆற்றின் வலக்கரையில் இருக்கும் பொமெரோல், சான்தெமிலியோன் ஆகிய இரண்டு ஊர்களில் அதுதான் ராஜா. சீக்கிரம் பழுக்கும், சர்க்கரை நன்றாக ஏறும். சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது என்பதால் வெயில் அடித்த வருடங்களில் மெர்லோ வைன் தடித்து, சூடேறி வரும். களிமண் நிலம் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அது மெர்லோவுக்குப் பிடித்த மண். உலகத்திலேயே விலை உயர்ந்த வைன்களில் ஒன்றான பெத்ரூஸ், பொமெரோலில் சுமார் 11 ஹெக்டேர் நிலத்தில் நீலக் களிமண்ணில் விளைகிறது. கிட்டத்தட்ட முழுக்க மெர்லோதான். "மெர்லோ என்றால் மென்மை, ஆரம்பநிலைக்காரர்களுக்கு" என்று சொல்பவர்கள் ஓர் இளம் பொமெரோலை வாயில் வைத்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

நான் வைத்துப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஏப்ரலில் முதலாளி என்னையும் சான்தெமிலியோனுக்கு அழைத்துப் போனார். போர்தோவில் ஒரு வழக்கம் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை முடியும். அடுத்த வசந்தத்திலேயே, வைன் இன்னும் 225 லிட்டர் பீப்பாயில் கிடக்கும்போதே, உலகம் முழுக்க இருந்து விமர்சகர்களும் வியாபாரிகளும் வந்து ருசி பார்ப்பார்கள். வைனுக்கு வயது ஆறு மாதம். அது பாட்டிலில் ஏறி நம் கைக்கு வர அறுவடையிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். ஆனால் மார்க் அந்த வசந்தத்திலேயே வந்துவிடும், விலையும் அதை ஒட்டி அப்போதே முடிவாகிவிடும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதை நம்பித்தான் இந்த வியாபாரம் முழுவதும் ஓடுகிறது.

முதல் கிளாஸ் மையைக் கரைத்த மாதிரி இருந்தது. கிளாஸைச் சாய்த்தால் விளிம்பு வரைக்கும் ஊதா. மூக்கை வைத்ததும் பழம் வந்தது, என்ன பழம் என்று சொல்லத் தெரியவில்லை. வாயில் ஊற்றிக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, இரு பக்கமும் உருட்டி, தொட்டியில் துப்பினேன். அப்புறம்தான் வந்தது அது. மேலுதடு ஈறோடு ஒட்டிக்கொண்டது. நாக்கின் நடுவில் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. எட்டாவது கிளாஸில் பல்லெல்லாம் கருநீலம், வாயில் உமிழ்நீரே இல்லை. முதலாளி "உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: நாவல்பழம். அரைப்பழமாகப் பறித்து, உப்பு தொட்டுக்கொள்ளாமல் பத்துப் பதினைந்து தின்றால் வாய் எப்படி இழுத்துப் பிடிக்குமோ, அதேதான். நாக்கின் நிறம்கூட அதே. அவருக்கு நாவல்பழம் தெரியாது. அவர் பிளம்ஸ் என்றார். இரண்டு பேரும் ஒரே கிளாஸைத்தான் பிடித்திருந்தோம்.

பழப் பட்டியலை அரைக் காதில் வாங்கச் சொன்னது இதனால்தான். அவரவர் மூக்கு அவரவர் சின்ன வயசைத்தான் தேடிப் போகும். ஐரோப்பிய விமர்சகர் பிளம்ஸ், கருப்பு செர்ரி, வயலட் பூ என்று எழுதுவது, அவர் வீட்டுத் தோட்டத்தில் அது இருந்ததால்.

அதற்காக எல்லாமே கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. வெனிலா வாசனை வந்தால் அது புது ஓக் பீப்பாயிலிருந்து வரும் வெனிலின், ஐஸ்க்ரீமில் இருக்கும் அதே பொருள். கிராம்பு வாசனைக்குக் காரணமான யூஜினால் கிராம்பிலும் இருக்கிறது, ஓக் மரத்திலும் இருக்கிறது. பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டித்தான் வளைப்பார்கள், புகை வாசனையும் வறுத்த காப்பி வாசனையும் அங்கிருந்து வருகின்றன. சரியாகப் பழுக்காத திராட்சையில் குடைமிளகாய் வாசனை அடிக்கும், அதற்கும் பைரசின் வகைப் பொருள் ஒன்று காரணம். ஆக, இளம் வைனின் விமர்சனத்தில் வெனிலா, சாக்லேட், காப்பி என்றெல்லாம் அடுக்கியிருந்தால் அவர் திராட்சையைவிட மரத்தைத்தான் அதிகம் முகர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மர வாசனை சில வருடங்களில் அடங்கி வைனுக்குள் கரைய வேண்டும்.

மூக்கு ஏமாறும் என்பதற்குப் போர்தோவிலேயே ஆதாரம் இருக்கிறது. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு: வைன் தயாரிப்புப் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைன் ஒன்றில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்கு எழுதும் சொற்களையே அதற்கும் எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது. இதை வைத்து விமர்சகர்களைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்த மாணவர்கள்மேல் பரிதாபம்தான் வருகிறது. சாம்பார் வாளியில் ரசத்தை ஊற்றிக் கொடுத்தால் நானும் முதல் வாய்க்குத் தடுமாறுவேன்.

சரி, துவர்ப்புக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அறுசுவையில் ஒன்றாக அதற்குப் பெயர் வைத்து, வாழைப்பூவிலும் பாக்கிலும் கடுக்காயிலும் தினம் சந்தித்துக்கொண்டிருக்கிறோம். திராட்சையின் தோல், விதை, பீப்பாய் மரம் மூன்றிலிருந்தும் வரும் டானின், உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பு போய்விடுகிறது, வாய் இழுக்கிறது. விமர்சகர்கள் இதற்குத்தான் ஆயிரம் சொல் தேடுகிறார்கள்: பட்டு, வெல்வெட், சொரசொரப்பு, இறுக்கம், தசை. பிரெஞ்சில் 'மாஷ்' என்பார்கள், மெல்லுவதற்கு ஏதோ இருக்கிறது என்ற பொருளில். எனக்குத் துவர்ப்பு ஒன்றே போதும், அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று மட்டும் சொன்னால் சரி. ஈறில் பிடித்து, இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டு, பின்னால் பழம் திரும்பி வந்தால் நல்ல வைன், காத்திருக்கலாம். தொண்டைவரை வறண்டு, கசப்பு மட்டும் மிஞ்சினால் காத்திருந்தும் பிரயோஜனமில்லை. துவர்ப்பு மட்டும் நாளாக ஆகத் தணியும். இல்லாத பழம் எங்கிருந்தும் வராது.

"மூடிக்கிடக்கிறது" என்று எழுதியிருந்தால் மூக்குக்கு இப்போது ஒன்றும் கொடுக்கவில்லை என்று பொருள், குறை சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "சூடு தெரிகிறது" என்றால் ஆல்கஹால் தூக்கலாக நிற்கிறது.

இப்போது அந்த 12-க்கும் நூறுக்கும் வருகிறேன். கேள்வியில் இருக்கும் எண்கள் எந்தச் சண்டையிலிருந்து வந்தவை என்று வைன் கடைக்காரன் எவனுக்கும் தெரியும். சான்தெமிலியோனில் ஒரு தோட்டம், பெயர் ஷத்தோ பாவி. ஆமாம், உச்சரிப்பு அப்படியேதான், நம் ஊர்ப் பாவிதான். முதல் தடவை லேபிளைப் படித்துவிட்டு நான் சிரித்தது அங்கே யாருக்கும் புரியவில்லை. 1998-இல் ஜெரார் பெர்ஸ் என்பவர் அதை வாங்கினார், சூப்பர் மார்க்கெட் வியாபாரத்தில் சம்பாதித்தவர். நன்றாகப் பழுக்கவிட்டு, சாற்றை அழுத்தமாக இறக்கி, புது ஓக்கில் வைத்து, தடித்த வைனாகச் செய்யத் தொடங்கினார். 2003-இல் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலை வந்தது. அந்த ஆகஸ்டில் பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். திராட்சையும் கொடியிலேயே வெந்தது. அந்த வருடத்து பாவியில் மெர்லோ ஏறக்குறைய 70 சதவீதம்.

2004 வசந்தத்தில் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதற்கு நூறுக்கு 95-க்குக் குறையாமல் போட்டார். மேரிலாந்துக்காரர், வக்கீலாக இருந்தவர், 100 மார்க் முறையை உலகத்துக்குப் பழக்கியவரே அவர்தான். சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த அந்த நிலம் வெயிலைத் தாங்கிவிட்டது, செழுமையோடு புத்துணர்ச்சியும் இருக்கிறது என்பது அவர் கட்சி. லண்டனில் இருக்கும் ஜான்சிஸ் ராபின்சன் 20-க்கு 12 போட்டார். முதிர்ந்து போன பழ வாசனை, போர்ட் என்ற போர்ச்சுகல் நாட்டு இனிப்பு வைன் மாதிரித் தித்திப்பு, போர்ட் வேண்டுமென்றால் அது விளையும் டூரோ பகுதிக்கே போகலாமே என்ற அர்த்தத்தில் எழுதினார். கூடவே பச்சை வாடையும் அடிக்கிறது என்றார். பார்க்கர் சும்மா இருக்கவில்லை, அவரும் காட்டமாக எழுதினார். மற்ற விமர்சகர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மாதக்கணக்கில் ஓடியது.

இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். இருவர் வாய்க்கும் கிடைத்தது பெரும்பாலும் ஒன்றுதான்: அடர்த்தி, நன்றாகப் பழுத்த பழம். ருசி பார்த்ததில் பெரிய தகராறு இல்லை. போர்தோ என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு. ராபின்சனுக்குச் சாப்பாட்டோடு இரண்டாவது கிளாஸ் இறங்க வேண்டும். பார்க்கருக்கு முதல் வாயிலேயே அசர வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஊரின் இன்னொரு தோட்டமான ஷெவால் பிளாங்கின் 1947 வைனையும் எல்லோரும் போர்ட் மாதிரி என்றுதான் சொல்வார்கள், ஆனால் அதைத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். பழையது செய்தால் பெருமை, புதியவர் செய்தால் பாவம்.

பிறகு 2012-இல், தோட்டங்களைத் தரம் பிரிக்கும் தரவரிசையில் சான்தெமிலியோன், பாவியை முதல் வகுப்பின் 'ஏ' பிரிவுக்கே, அதாவது உச்சிக்கே, ஏற்றியது. 12 மார்க் அந்தத் தோட்டத்தை ஒன்றும் செய்துவிடவில்லை.

உங்கள் கையில் இருக்கும் பாட்டிலுக்கு வருவோம். என் கடையில் ஒருவர் மார்க்கைப் பார்த்து இரண்டு வயதான வலக்கரை வைனை வாங்கிப் போனார். அன்றிரவே திறந்து, பொரித்த மீனோடு குடித்திருக்கிறார். மறுநாள் வந்து "வாயில் பழைய சாவியைப் போட்ட மாதிரி இருக்கிறது, பாட்டில் கெட்டுப்போயிருக்கிறது" என்றார். பாட்டில் கெடவில்லை. இந்த மாதிரி வைனும் மீனும் சேர்ந்தால் பெரும்பாலும் அந்த இரும்பு ருசிதான் வரும். விற்கும்போதே சொல்லாதது என் தப்பு. மிச்சமிருந்ததை மூடி வைத்து மறுநாள் ஆட்டுக்கறியோடு குடிக்கச் சொன்னேன். புரதமும் கொழுப்பும் டானினுக்கு வேலை கொடுக்கும், உங்கள் ஈறை விட்டுவிடும். அறைச் சூட்டில் வைக்க வேண்டும் என்பதையும் நம் ஊரில் நம்பாதீர்கள், அந்த அறை ஐரோப்பிய அறை. 16 முதல் 18 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் ஆல்கஹால் மட்டும்தான் பேசும்.

2003 பாவியை நானே ருசித்தேனா என்று கேட்பீர்கள். உணவகத்தில் இருந்தபோது ஒரு மேசையில் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் அளவு விட்டுப் போனார்கள். அப்போதே அதற்குப் பத்து வயதுக்கு மேல். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, தண்ணீர் கிளாஸில் ஊற்றி முகர்ந்தேன். உலர்ந்த அத்தி, பேரீச்சை, கொஞ்சம் புகை. துவர்ப்பு இன்னும் கெட்டியாக இருந்தது, இனிப்பு அதற்கு முன்னால் ஓடிவந்தது. 12 போடுகிற அளவுக்கு மோசமில்லை. முதல் வாய் அசத்தியதும் உண்மை. பாட்டில் அதோடு காலி, இன்னொரு கிளாஸ் இருந்திருந்தால் ஊற்றியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.