தொழிற்சாலை எஞ்சின் என்றார்கள், எண் பொருந்தவில்லை: பழைய ஃபெராரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன், என்ன செய்வது?

கேள்வி: 1987-இல் தயாரான ஃபெராரி டெஸ்டரோசா ஒன்றைத் தனிநபர் ஒருவரிடம் வாங்க ஒப்புக்கொண்டு, விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். விளம்பரத்தில் "தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின், முழு சர்வீஸ் வரலாறு" என்று இருந்தது. கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தத்திலோ "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்று மட்டுமே உள்ளது. பிறகு மெக்கானிக்கை வைத்துப் பார்த்ததில் எஞ்சினில் உள்ள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் வேறு வேறாக இருக்கின்றன. டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் ரப்பர் பட்டை) மாற்றிய கடைசி ரசீது 11 ஆண்டு பழையது. சிறு வயதிலிருந்தே ஆசைப்பட்ட கார் இது. விலகினால் முன்பணம் திரும்ப வருமா? வாங்கினால் என்னென்ன செலவு வரும்?

பதில்: முதல் வேலை, மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். குறை தெரிந்த பிறகும் முழுப் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துவந்தால், "இவர் தெரிந்தேதான் வாங்கினார்" என்று விற்றவர் சொல்ல இடம் கொடுத்தவர் ஆவீர்கள். அப்புறம் நீதிமன்றத்தில் உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். இப்போது பலம் உங்கள் பக்கம் இருக்கிறது. அது மீதிப் பணம் கைமாறும்வரை மட்டும்தான்.

"உள்ளது உள்ளபடி" என்ற ஷரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். தேய்ந்த கிளட்ச், எண்ணெய்க் கசிவு, பழைய பெல்ட் போன்ற நிலைமைக் குறைகளின் பாரத்தை அது பெரும்பாலும் வாங்குபவர் தலையில் வைக்கும். ஆனால் "அதே எஞ்சின்" என்பது நிலைமையைப் பற்றிய பேச்சல்ல. அந்தப் பொருள் எது என்று அடையாளம் காட்டும் கூற்று. அது பொய்யாக இருந்து, அதை நம்பித்தான் நீங்கள் விலை ஒத்துக்கொண்டீர்கள் என்று காட்ட முடிந்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் பொதுவாக வழி உண்டு. ஒரு எச்சரிக்கை: "இந்தத் தாளில் உள்ளது மட்டுமே முழு ஒப்பந்தம்" என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விளம்பர வாசகத்தை நம்பி வாதாடுவது கடினமாகும். எப்படியானாலும் விளம்பரப் பக்கத்தையும், குறுஞ்செய்திகளையும், படங்களையும் தேதியோடு இன்றே சேமித்துவிடுங்கள். விளம்பரம் நாளைக்கே நீக்கப்படலாம்.

எண் பொருந்தவில்லை என்பதாலேயே மோசடி என்று முடிவு கட்டவும் வேண்டாம். டெஸ்டரோசாவில் எஞ்சினுக்குத் தனி எண், சேசிஸுக்கு (காரின் அடிச்சட்டம்) தனி எண். சேசிஸ் எண் 17 இலக்கம் கொண்டது, இசட்-எஃப்-எஃப் என்று தொடங்கும். எஞ்சின் எண் அதோடு ஒத்துப்போகாது. எந்த எஞ்சின் எந்தச் சேசிஸில் ஏறியது என்பதைத் தொழிற்சாலைப் பதிவேடுதான் சொல்ல முடியும். பதிவு அலுவலகத்தில் யாரோ எண்ணைத் தப்பாக எழுதியிருக்கலாம். உத்தரவாதக் காலத்தில் நிறுவனமே எஞ்சினை மாற்றிக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அதற்கான ரசீது இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறொரு வண்டியின் எஞ்சின். மூன்றுக்கும் சட்ட விளைவு வேறு, சந்தை மதிப்பும் வேறு. ஃபெராரியின் கிளாசிக்கே பிரிவு 20 ஆண்டு கடந்த கார்களின் சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் முதலியவற்றைப் பரிசோதித்துச் சான்று தருகிறது. அந்தச் சான்றை விற்பவர் வாங்கித் தர வேண்டும், எஞ்சின் அசல் இல்லை என்று வந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

"அசல்" என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்திலேயே பொருள் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் 1990-இல் தீர்ப்பான ஹப்பர்ட் வழக்கைச் சொல்வார்கள். ஹப்பர்ட் காரை விற்றவர். "ஓல்ட் நம்பர் ஒன்" என்ற பந்தய பென்ட்லியை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், காலப்போக்கில் அதன் பாகங்கள் மாறிவிட்டன, இது அந்தக் கார் இல்லை என்று வாதிட்டது. பாகங்கள் மாறியிருந்தாலும் அந்தக் காரின் தொடர்ச்சி அறுபடவில்லை என்று நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். வாங்கியவர் தோற்றார். ஆகவே "அசல்" என்று மட்டும் எழுதாதீர்கள். "இன்ன எண்ணுள்ள எஞ்சின், இன்ன எண்ணுள்ள சேசிஸில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது" என்று எழுதுங்கள்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவுச் சான்றில் பெயர் இருப்பது மட்டுமே உரிமைக்கு முடிவான ஆதாரம் என்று பல நாடுகளில் எடுத்துக்கொள்வதில்லை. முந்தைய விற்பனை ரசீதுகளின் சங்கிலி, கடன் வில்லங்கம் இல்லை என்ற தேடல் முடிவு, திருட்டு வாகனப் பட்டியல் சோதனை, வெளிநாட்டிலிருந்து வந்த கார் என்றால் சுங்க வரி கட்டிய ரசீது: இந்த நான்கும் வேண்டும். சேசிஸில் பொறித்த எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று மெக்கானிக் படம் எடுக்கட்டும்.

இனி செலவு. டெஸ்டரோசாவின் எஞ்சின் 4.9 லிட்டர், படுக்கை வாட்டில் 12 சிலிண்டர், கியர்பாக்ஸ் அதன் அடியில். பெல்ட் மாற்ற எஞ்சினை மொத்தமாகக் கீழே இறக்க வேண்டும். பெல்ட்டின் விலை அற்பம், கூலிதான் பெரிது. கார் ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும் என்பதால் சுமார் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நிபுணர்கள் வழக்கம். 11 ஆண்டு பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் நொறுங்கும். எனவே பெல்ட் மாறும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம் என்று விற்பவருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். எஞ்சின் இறங்கியிருக்கும்போதே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், எரிபொருள் குழாய்கள், கிளட்ச் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது லாபம். எரிபொருள் குழாயை விட்டுவிடாதீர்கள்: பழைய ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் வெடிப்பு விட்டுக் கசியும், சூடான எஞ்சின் மேல் சொட்டினால் தீதான். ஆரம்பகால டெஸ்டரோசாக்களில் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) உடைவதும் அறிந்த குறை. அதையும் அப்போதே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 12 சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்), லீக்-டவுன் (அந்த அழுத்தம் கசியும் அளவு) ஆகிய அளவுகளைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும். பார்க்கப் புதிதாக இருந்தாலும் வயதானால் மாற்றத்தான் வேண்டும்.

இந்தச் செலவுக்கு ஒரு நிபுணரின் எழுத்து மதிப்பீடு வாங்கி, அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். காப்பீடு "ஒப்புக்கொண்ட மதிப்பு" முறையில் இருக்கட்டும், அதாவது காரின் மதிப்பைப் பாலிசி எடுக்கும்போதே பேசி எழுதிவிடுவது. சாதாரண பாலிசியில் விபத்துக்குப் பிறகு மதிப்பைப் பற்றிச் சண்டை வரும். ஆண்டுக்கு இவ்வளவு தூரம்தான், பூட்டிய கொட்டகையில்தான் என்ற நிபந்தனைகளையும் பந்தயத் தடத்தில் ஓட்டினால் காப்பீடு இல்லை என்ற விலக்கையும் படித்த பின் கையெழுத்திடுங்கள்.

எஞ்சின் தொழிற்சாலையில் ஏறியதே என்று உறுதியாகி, சர்வீஸ் செலவு விலையில் கழிந்தால், இந்தக் காரை வாங்கலாம் என்பதே என் கருத்து. அந்த 12 சிலிண்டர் ஓசைக்காகவும் அகன்ற பின்புறத்துக்காகவும் ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆசை உங்களுக்கு மதிப்புள்ளதுதான். அதை முதலீட்டுக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். மாற்று எஞ்சின் என்று தெரியவந்தாலும், அதற்கேற்ற விலையில், "மாற்று எஞ்சின்" என்று எழுதிய ஒப்பந்தத்தோடு வாங்குவது நேர்மையான வியாபாரம்தான். எஞ்சின் எண்ணை எழுத்தில் கொடுக்க விற்பவர் மறுத்தால் விலகுங்கள்.

இந்த வாரமே நோட்டீஸ் அனுப்புங்கள்: விளம்பரக் கூற்று, மெக்கானிக் கண்ட எண், சான்று தர 14 நாள் அவகாசம், தவறினால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அதுவரை மீதிப் பணம் நிறுத்தம். ஒப்பந்தத்தில் முன்பணம் பறிமுதல் ஷரத்தோ, மீதிப் பணத்துக்குக் கெடுவோ இருந்தால் அந்த நோட்டீஸை உள்ளூர் வழக்கறிஞர் வழியாகவே அனுப்புங்கள். கெடு தவறியவர் நீங்கள் என்று ஆகிவிடக் கூடாது.

கார் உங்கள் கைக்கு வந்தால் சர்வீஸ் வொர்க்ஷாப்போடும் தனி ஒப்பந்தம் போடுங்கள். பில் கட்டாதவரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை பல நாடுகளில் வொர்க்ஷாப்புக்கு உண்டு. மதிப்பீட்டை மீறும் எந்த வேலைக்கும் உங்கள் எழுத்துச் சம்மதம், கழற்றிய பழைய பாகங்கள் உங்களிடமே திரும்புதல், எஞ்சின் எண்ணின் படம் வேலைக்கு முன்னும் பின்னும்: இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும்.