சாம்பல் வானமும் ஒரு மீன்காரியும்

வணக்கம். வின்ஸ்லோ ஹோமரின் ‘இன்சைட் த பார்’ என்ற நீர்வண்ண ஓவியத்தை அண்மையில் இணையத்தில் பார்த்தேன். திரண்ட மேகம், பின்னால் படகுகள், கரையில் கூடையோடு ஒரு பெண். கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் மனைவியின் துயரம் என்றே எனக்குப் பட்டது. அண்ணனோ, “அவள் பாட்டுக்கு நிற்கிறாள், நீதான் கதை கட்டுகிறாய்” என்கிறார். யார் சொல்வது சரி?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் அண்ணன் கட்சி. ஆனால் முழுக்க இல்லை.

ஹோமர் அமெரிக்கர். 1881-ல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் கல்லர்கோட்ஸ் என்ற மீனவ ஊருக்குப் போய், அடுத்த ஆண்டு நவம்பர் வரை அங்கேயே தங்கினார். நீங்கள் பார்த்தது அவர் நாடு திரும்பிய பின் 1883-ல் வரைந்தது. அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பெண்கள் தூண்டிலில் இரை கோப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள், மீனைச் சுமந்துபோய் விற்பார்கள். கையில் கூடை இருக்கிறது என்றால் அவள் வேலையில் இருக்கிறாள். சாம்பல் வானத்தைச் சோகத்தின் கணக்கில் எழுதுவதும் நம் பழக்கம்தான். வட கடலோரத்தில் அது சாதாரணப் பொழுது.

அப்புறம், அவள் இடுப்பில் முன்பக்கம் கட்டியிருக்கும் ஏப்ரன் துணியைப் பாருங்கள். காற்று அதை அப்படியே படகுப் பாய்போலப் புடைக்க வைத்திருக்கிறது. துணி பறக்கிறது, உடம்பு அசையவில்லை. மேகங்களை ஈர வண்ணத்தில் கரையவிட்டவர், அவளுடைய ஓரங்களை மட்டும் அழுத்தமாக நிறுத்துகிறார். படத்தின் மனநிலை எனக்கு அங்கேதான் தெரிகிறது: துயரம் இல்லை, ஒரு திடம். அதனால்தான் “அவள் பாட்டுக்கு நிற்கிறாள்” என்பதும் போதாது. அந்தக் காற்றில் அப்படி நிற்பது சும்மா நிற்பதல்ல.

கதை கேட்பவர்களை ஹோமருக்கே பிடிக்காது. ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ ஓவியத்தில் சுறாக்களுக்கு நடுவே உடைந்த படகில் கிடப்பவனுக்கு என்ன ஆகும் என்று சில பெண்கள் கேட்டார்களாம். அவனைக் காப்பாற்றி வீட்டில் சேர்த்துவிடுவார்கள், பிறகு சுகமாக வாழ்வான் என்று சொல்லிவிடுங்கள் என்று தன் ஓவிய வியாபாரிக்குக் கிண்டலாக எழுதினார். விளக்கம் தேவைப்படும் படத்தை வரைந்ததற்கு வருந்துகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். குசும்புக்காரர்.

வானத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை மட்டும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் துயரம் தெரிந்தால் எழுதுங்கள், வாதாடலாம்.