சீருடை போட்டதுமே டிரைகேர் வந்துவிடாது

டெக்ஸாஸில் வசிக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் மகள் வர்ஜீனியாவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியிலேயே ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்ஓடிசியில் சேர்ந்து, இந்த வருடம் ஒப்பந்தமும் போட்டுவிட்டாள். படிப்புச் செலவை ராணுவம் கட்டுகிறது. மூன்று வாரத்துக்கு முன் விடிகாலைப் பயிற்சி ஓட்டத்தில் கணுக்கால் பிசகிவிட்டது. எக்ஸ்ரே, கட்டு என்று 2,340 டாலருக்கு பில் வீட்டுக்கு வந்திருக்கிறது. 'யூனிட்டில் சொல்ல வேண்டாம்மா, ரெக்கார்டில் ஏறிவிடும், நீங்களே கட்டிவிடுங்கள்' என்கிறாள். என் கணவர் ஜனவரியில் வேலை மாறுகிறார். இப்போதைய காப்பீடு டிசம்பரோடு முடிகிறது. ராணுவத்தில் சேர்ந்தவளுக்கு ராணுவக் காப்பீடு இருக்கும்தானே? அந்த நம்பிக்கையில் கல்லூரி இன்சூரன்ஸை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையில் சேர்ந்தால் மலிவாகக் காப்பீடு கிடைக்கும் என்று தோழி சொன்னாளாம். என்ன செய்யலாம்?"

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த பில். இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். அது நீங்கள் கட்ட வேண்டிய பணமே இல்லை.

ஆர்ஓடிசி மாணவர்கள் பயிற்சியில் அடிபட்டால் அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் சட்டம்தான் அது. சுருக்கமாக ஃபீகா என்பார்கள். அதன் ஒரு பிரிவு ஆர்ஓடிசி மாணவர்களையும் உள்ளே சேர்த்திருக்கிறது. ஒப்பந்தம் போட்டவர்கள் மட்டுமல்ல, அந்த வகுப்பில் பதிவு செய்து சேர முயன்றுகொண்டிருப்பவர்களும் இதில் அடக்கம். பயிற்சிக்குக் கிளம்பும் அதிகாரப்பூர்வப் பயணம் தொடங்கியதிலிருந்து திரும்பி வரும்வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. நடத்துவது ராணுவம் அல்ல, தொழிலாளர் துறை. கோரிக்கை ஏற்கப்பட்டால் அந்தக் காயத்துக்கான சிகிச்சையில் டிடக்டிபிள், கோபே என்று நம் கையிலிருந்து கட்டும் பங்கு எதுவும் கிடையாது.

காயம் பயிற்சியால் ஏற்பட்டதாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. யூனிட் நடத்திய விடிகாலை ஓட்டம் என்கிறீர்கள், சரி. அதே பெண் ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழிகளோடு கூடைப்பந்து ஆடப் போய் காலைப் பிசகிக்கொண்டிருந்தால் இது பொருந்தாது. அதனால் எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், பயிற்சியை நடத்தியது யார், பக்கத்தில் ஓடியது யார் என்று நினைவு மங்குவதற்குள் அவளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரே சம்பவத்தில் பட்ட அடிக்கு சிஏ-1 என்ற படிவம். கொஞ்சம் கொஞ்சமாக வந்த உபாதைக்கு, உதாரணமாக மாதக்கணக்கில் பாரம் சுமந்து ஓடியதால் எலும்பில் விழும் விரிசலுக்கு, சிஏ-2. அவள் கல்லூரியின் ஆர்ஓடிசி அலுவலகம் வழியாகத்தான் இது போக வேண்டும். இப்போது ஈகாம்ப் என்ற இணையத் தளத்திலேயே பதிவு செய்கிறார்கள். கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் காயத்தை 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்துவிடுவதே நல்லது. உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆகவே அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடிபட்ட அன்றே சொல்லியிருந்தால் சிஏ-16 என்ற அனுமதிச் சீட்டு கொடுத்திருப்பார்கள். அது கையில் இருந்தால் 60 நாள்வரை சிகிச்சைச் செலவுக்கு அரசே பொறுப்பு, மருத்துவமனையும் உங்கள் வீட்டுக்கு பில் அனுப்பாது. அடிபட்ட சில நாளுக்குள் கொடுக்க வேண்டிய சீட்டு என்பதால் இந்தத் தடவை அதை நம்ப முடியாது. அடுத்த தடவைக்கு அவள் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

இனி மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்கு போன் செய்து, "இது மத்திய அரசின் பணிக்காய இழப்பீட்டில் வரும் கேஸ், எண் வந்ததும் தருகிறோம், அதுவரை கணக்கை நிறுத்தி வையுங்கள்" என்று சொல்லுங்கள். பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பக் காப்பீட்டு நிறுவனம் "இது விபத்தா, வேலையில் நடந்ததா?" என்று ஒரு கடிதம் அனுப்பக்கூடும். பலர் அதைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையை எழுதி அனுப்புங்கள். மருத்துவ அறிக்கையில் காயம் எப்படி ஏற்பட்டது என்ற வரி இருக்கிறதா, மருத்துவரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். "கணுக்கால் வலி" என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்து எந்தக் கோரிக்கையும் நகராது. அவசரத்தில் நீங்கள் ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்க ஓடபிள்யூசிபி-915 என்று தனிப் படிவம் இருக்கிறது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது உங்கள் மகளின் பயத்துக்கு வருகிறேன். இத்தனை படிவங்களையும் விட எனக்குக் கவலை தருவது அதுதான்.

ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் காப்பீட்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். காயத்தை மறைத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் வீடுகளில் "வெளியே தெரிய வேண்டாம்" என்பது ஒரு பழக்கம்; கல்யாணப் பேச்சில் தொடங்கி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் உடல்நிலையில் மாற்றம் வந்தால் சொல்ல வேண்டும் என்பது அவள் ஏற்றுக்கொண்ட கடமை. சாதாரணக் கணுக்கால் பிசகு ஆறிவிட்டால் அது யாருடைய அதிகாரிப் பதவியையும் பறிப்பதில்லை. ஆறாமல் ஓடி ஓடி, பிறகு ஃபோர்ட் நாக்ஸில் நடக்கும் கோடைப் பயிற்சி முகாமில் அதே கால் மறுபடி பிசகினால், "இது பழைய காயம், பயிற்சியில் வந்ததல்ல" என்ற கேள்வி எழும். அப்போது காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருக்காது. உண்மையிலேயே உடல்நிலையால் ஒருவர் விலக நேர்ந்தால், அவர் தவறு எதுவும் இல்லாதபோது படிப்புப் பணத்தைப் பொதுவாகத் திருப்பிக் கேட்பதில்லை. மறைத்தது தெரியவந்தால் கதை வேறு. அவளிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். பில்லைவிட இந்தப் பேச்சு முக்கியம்.

அப்புறம் டிரைகேர், அதாவது நீங்கள் கேட்ட ராணுவக் காப்பீடு. உங்கள் மகளுக்கு இப்போது டிரைகேர் கிடையாது.

ஒப்பந்தம் போட்டாலும், சீருடை போட்டாலும், மாதம் 420 டாலர் உதவித்தொகை வந்தாலும், அவள் முழுநேரப் பணியில் இல்லை. டிரைகேர் முழுநேரப் பணியில் இருப்பவர்களுக்கும், அவர்கள் குடும்பத்துக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும் உரியது. வெஸ்ட் பாயின்ட்டிலோ அனாபொலிஸிலோ படிக்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான், ஏனென்றால் அந்த அகாடமி மாணவர்கள் முதல் நாளிலிருந்தே முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்கு. ஆர்ஓடிசி அப்படி அல்ல. இணையத்தில் தேடினால் "கல்லூரி மாணவர்களுக்கு 23 வயதுவரை டிரைகேர்" என்று வரும். அது ராணுவத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கான விதி: சாதாரணமாக 21 வயதுவரை, முழுநேரமாகப் படித்துக்கொண்டு பெற்றோரின் ஆதரவில் இருந்தால் 23 வரை. அதன் பிறகு 26 வரை அவர்களே பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. 2025-இல் அதன் மலிவான வகைக்கே மாதம் 337 டாலர். உங்கள் கணவர் ராணுவத்தில் இல்லாததால் இந்தக் கதவு எதுவும் உங்கள் மகளுக்குத் திறக்காது.

ஃபீகாவும் காப்பீடு ஆகிவிடாது. காய்ச்சல், பல்வலி, வயிற்றுவலி, மன உளைச்சல், ஸ்கூட்டர் விபத்து எதற்கும் அது வராது. எனவே ஜனவரிக்கு அவளுக்கு முழுமையான சாதாரணக் காப்பீடு ஒன்று வேண்டும்.

பிள்ளைகளைக் குடும்பத் திட்டத்தில் சேர்க்கும் எந்த நிறுவனமும் 26 வயதுவரை சேர்த்தாக வேண்டும். அவள் வேறு மாநிலத்தில் படிக்கிறாள், சம்பாதிக்கிறாள், ராணுவ ஒப்பந்தம் போட்டிருக்கிறாள் என்பதெல்லாம் இதற்குத் தடையே இல்லை. உங்கள் கணவர் புதிய நிறுவனத்தில் சேரும்போது அவள் பெயரையும் எழுதிவிடட்டும். இரண்டு விஷயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது? சில நிறுவனங்களில் காத்திருக்க வேண்டும். சட்டப்படி அது 90 நாளைத் தாண்டக் கூடாது. இரண்டு, வர்ஜீனியாவில் அந்தத் திட்டத்தில் உள்ள மருத்துவர்கள் இருக்கிறார்களா? டெக்ஸாஸுக்குள் மட்டும் செல்லும் எச்எம்ஓ வகைத் திட்டம் என்றால், அங்கே அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் உதவும். கொஞ்சம் பிரீமியம் கூடினாலும் நாடு முழுக்கச் செல்லும் பிபிஓ வகையை எடுப்பதுதான் என் யோசனை.

நடுவில் ஒன்றிரண்டு மாதம் இடைவெளி விழுந்தால் பதற வேண்டாம். பழைய நிறுவனம் கோப்ரா சட்டப்படி அதே காப்பீட்டைத் தொடர வாய்ப்புத் தரும். வேண்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்ல 60 நாள் உண்டு. அந்த 60 நாளுக்குள் எதுவும் ஆகவில்லை என்றால் விட்டுவிடலாம். ஏதாவது ஆகிவிட்டால் கையெழுத்துப் போட்டு, காப்பீடு நின்ற நாளிலிருந்து பிரீமியம் கட்டினால் பின்தேதியிட்டுச் செல்லும். பிரீமியம் அதிகம்தான், ஆனாலும் மருத்துவமனை பில்லோடு ஒப்பிட்டால் கொஞ்சம்.

கல்லூரிக் காப்பீட்டை ஆகஸ்டில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று கவலைப்படாதீர்கள். இருந்த காப்பீடு போனால், நடுவில் சேர பெரும்பாலான கல்லூரிகள் வழி வைத்திருக்கின்றன. அதற்கு நாள் கணக்கு உண்டு, பல இடங்களில் 30 நாள். காப்பீடு முடிந்ததற்கான கடிதத்தைக் கணவரின் பழைய அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். கட்டணப் பட்டியலில் வரும் "சுகாதார மையக் கட்டணம்" காப்பீடு அல்ல; அது வளாகத்துக்குள் இருக்கும் நர்ஸையும் டாக்டரையும் பார்ப்பதற்கு மட்டும். ராணுவம் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறதே, இதுவும் அதில் சேரும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உதவித்தொகை எந்தெந்தக் கட்டணத்தைக் கட்டுகிறது என்று ஆர்ஓடிசி அலுவலகத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

தோழி சொன்ன நேஷனல் கார்டு விஷயம் பொய்யல்ல. ஆர்ஓடிசியில் இருந்துகொண்டே கார்டிலோ ராணுவ ரிசர்விலோ சேர்ந்து, மாதத்தில் ஒரு வார இறுதி பயிற்சிக்குப் போகும் இரட்டை உறுப்பினர் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தவர்கள் டிரைகேர் ரிசர்வ் செலக்ட் என்ற காப்பீட்டை வாங்கலாம். 2025-இல் ஒருவருக்கு மாதம் 53.80 டாலர்தான். அமெரிக்காவில் இந்த விலைக்கு இவ்வளவு நல்ல காப்பீடு கிடைப்பது அரிது. ஏற்கெனவே கார்டில் இருக்கும் பிள்ளைகள் இதைத் தவறவே விடக் கூடாது.

ஆனால் காப்பீட்டுக்காகக் கார்டில் சேராதே என்றுதான் உங்கள் மகளுக்குச் சொல்வேன். எல்லா உதவித்தொகையும் இந்த இரட்டைத் திட்டத்தோடு ஒத்துப்போகாது. சில ஒப்பந்தங்கள், பட்டம் வாங்கியதும் முழுநேர ராணுவத்துக்குப் போகாமல் கார்டு அல்லது ரிசர்விலேயே பணியாற்ற வேண்டும் என்று கட்டிப் போடுபவை. முழுநேர அதிகாரியாக வேண்டும் என்பது அவள் கனவாக இருந்தால், மாதம் சில நூறு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் அதை இழக்கக் கூடாது. அவளுக்கு அந்த வாழ்க்கையே பிடித்திருந்தால் தாராளமாகச் சேரட்டும். கையெழுத்துக்கு முன் இப்போதைய ஒப்பந்தம் என்ன ஆகும் என்று தன் ஆர்ஓடிசி அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இன்னும் இரண்டரை வருடத்தில் அவள் பட்டமளிப்பு விழாவில் செகண்ட் லெப்டினன்டாக நிற்பாள். அன்றைக்கும் டிரைகேர் தொடங்காது. முழுநேரப் பணியில் சேரும் தேதி என்று உத்தரவில் எது இருக்கிறதோ அன்றுதான் தொடங்கும். மே மாதம் பதவியேற்று, முதல் பயிற்சிக்கு அக்டோபரில் கூப்பிடுவது சாதாரணம். நான் பார்த்த ஒரு பையன், "இனி நான் ராணுவ அதிகாரி" என்று பதவியேற்ற வாரமே அப்பாவின் காப்பீட்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டான். ஜூலையில் குடல்வால் அறுவை சிகிச்சை. பதவியேற்று, பணி உத்தரவுக்கான கோரிக்கை ஒப்புதல் பெற்று, வேறெந்தக் காப்பீடும் இல்லாமல் காத்திருக்கும் புதிய அதிகாரிகளுக்கு ராணுவ மருத்துவ வசதி தர ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. அவனுக்கு அது பொருந்தியது, ஆனால் அவனுக்கும் தெரியவில்லை, மருத்துவமனைக்கும் தெரியவில்லை. கடிதம் எழுதியே பல மாதம் போயிற்று. குடும்பக் காப்பீடு இருக்கும் உங்கள் மகளுக்கு அந்தப் பிரிவு தேவைப்படாது. உத்தரவு வந்ததும் அதன் நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். அதில் அச்சாகியிருக்கும் தேதியில் அவள் பணியில் சேர்ந்து, டிரைகேரில் பெயர் ஏறியதை உறுதி செய்த பிறகு, கணவரின் அலுவலகத்தில் அவள் பெயரை நீக்கச் சொல்லுங்கள்.