பேக்கப் இருக்கிறது, திரும்பி வருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அலுவலக சர்வரில் 4 டி.பி. தரவு இருக்கிறது. கிளவுட் பேக்கப் விற்பவர், "தினமும் ராத்திரி எல்லாம் மேலே போய்விடும், சர்வரே எரிந்தாலும் கவலையில்லை" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: மேலே போவது இருக்கட்டும். கீழே வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டீர்களா? 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 1 டி.பி. இறங்க 22 மணி நேரம் ஆகும். 4 டி.பி.க்கு 89 மணி நேரம். முழு வேகம் யாருக்கும் தொடர்ந்து கிடைப்பதில்லை என்பதால் ஐந்து நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புது சர்வர் வந்து சேரும் நாட்கள் இதில் சேரவில்லை.

மேலே போவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் 2 சதவீதம் தரவு மாறினால் 80 ஜி.பி. அப்லோடு வேகம் 20 எம்.பி.பி.எஸ். என்றால் அதற்கே 9 மணி நேரம் பிடிக்கும். இரவு 11 மணிக்குத் தொடங்கினால் காலை 8 மணிவரை ஓடும். சுருக்கி அனுப்பும் மென்பொருளில் இது குறையும், ஆனால் வீடியோ, ஸ்கேன் செய்த படங்கள் போன்றவை பெரிதாகச் சுருங்காது. முதல் முழுப் பிரதியை இணையத்தில் ஏற்றவே பல நாள் ஆகும். டிஸ்க்கில் போட்டு அனுப்ப வசதி உண்டா, மீட்கும்போது அவர்கள் டிஸ்க்கில் அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் இரண்டு எண்களை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு நேர வேலையை இழக்கலாம் என்பது ஆர்.பி.ஓ. எவ்வளவு நேரம் வேலை நின்றால் தாங்கும் என்பது ஆர்.டி.ஓ. இரவில் மட்டும் பேக்கப் எடுத்தால், மறுநாள் மாலை டிஸ்க் போகும்போது அன்றைய வேலை முழுவதும் போகும். எல்லாத் தரவுக்கும் ஒரே எண் வைப்பதுதான் வழக்கமான வீண்செலவு. பில்லிங் டேட்டாபேஸுக்கு ஆர்.பி.ஓ. 15 நிமிடம், ஆர்.டி.ஓ. 4 மணி நேரம் என்று வையுங்கள். பத்து வருடப் பழைய கோப்புகளுக்கு ஆர்.பி.ஓ. ஒரு நாள், ஆர்.டி.ஓ. ஒரு வாரம் போதும்.

உங்கள் அளவுக்கு என் சிபாரிசு: அலுவலகத்திலேயே ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) ஒரு பிரதி, கிளவுட்டில் இன்னொன்று. அன்றாட விபத்துக்கு நாஸ். தீ, வெள்ளம், திருட்டுக்குக் கிளவுட். சர்வரில் உள்ளதையும் சேர்த்து மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதி சொல்வதும் இதைத்தான்.

கேள்வி: எங்கள் கோப்புகள் எல்லாம் ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் இருக்கின்றன. தனியாக பேக்கப் எதற்கு?

பதில்: சிங்க் என்பது நீங்கள் செய்வதை அப்படியே எல்லா இடத்திலும் செய்யும். அழித்தால் அங்கேயும் அழியும். அலுவலகக் கணக்குள்ள ஒன்டிரைவில் அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் 93 நாள் இருக்கும். கூகுள் டிரைவ் டிராஷில் 30 நாள், அதன்பின் அட்மின் மீட்க 25 நாள். வேலையை விட்டுப் போன ஒருவர் அழித்த கோப்பு பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் தேடப்படும். அப்போது இந்தக் கெடு எல்லாமே தாண்டியிருக்கும். மெயிலும் முக்கியம் என்றால் அதையும் சேர்த்து வெளியே எடுக்கும் சேவையாகப் பாருங்கள்.

கேள்வி: கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் கிளவுட்டில் உள்ள பேக்கப்பையும் பூட்டிவிடுமா?

பதில்: பூட்டும், அல்லது அழிக்கும். உள்ளே நுழைபவர் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். 2014-இல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் நிர்வாகக் கணக்கு ஒருவர் கையில் சிக்கியது. தரவு, பேக்கப் இரண்டிலும் பெரும்பகுதியை அதே கணக்கிலிருந்து அவர் அழித்தார். நிறுவனம் மூடப்பட்டது.

ஆகவே பேக்கப்புக்குத் தனிக் கணக்கு, தனிப் பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேண்டும். பேக்கப் சர்வரை, அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைனில் சேர்க்கவே கூடாது; டொமைன் அட்மின் பாஸ்வேர்டு போனால் அதுவும் கூடவே போகும். அடுத்தது, குறித்த நாள்வரை அழிக்க முடியாத பூட்டு. அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல் இதன் பெயர் ஆப்ஜெக்ட் லாக். அதில் கவர்னன்ஸ் முறையில் தனி அனுமதி உள்ளவர் பூட்டைத் திறக்கலாம். கம்ப்ளையன்ஸ் முறையில் கணக்கின் ரூட் பயனரால்கூட, அதாவது முழு அதிகாரம் உள்ள உரிமையாளரால்கூட, முடியாது. 30 நாள் என்று போட வேண்டிய இடத்தில் 3,000 நாள் என்று போட்டுவிட்டால் அத்தனை நாளும் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். முதலில் சிறிய கோப்பு ஒன்றில் சோதியுங்கள்.

7 நாள் பிரதிகள் மட்டும் வைத்திருப்பது போதாது. நுழைந்தவர் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பூட்டுவார். உங்களிடம் இருக்கும் ஏழு பிரதியிலும் அவர் வைத்த நிரல் இருக்கும். தினப் பிரதி 30, மாதப் பிரதி 12 என்று தொடங்கலாம். தினமும் 80 ஜி.பி. போகும் பேக்கப் ஒருநாள் திடீரென்று பல மடங்கு வீங்கினால் உடனே பாருங்கள். பூட்டப்பட்ட கோப்பு எல்லாமே மாறிய கோப்பு, சுருங்கவும் சுருங்காது. இந்த வீக்கத்துக்கு எச்சரிக்கை அனுப்பாத சேவையை நான் எடுக்க மாட்டேன்.

கேள்வி: பேக்கப்போடு "டிசாஸ்டர் ரெக்கவரி" என்று தனியாகவும் விற்கிறார்கள். அவசியமா?

பதில்: பேக்கப் தரவைக் காக்கும். டி.ஆர். என்பது சர்வர்களை வேறிடத்தில் எழுப்பி வேலையைத் தொடர வைப்பது. ஆர்.டி.ஓ. இரண்டு நாள் என்றால் பேக்கப் போதும். சில மணி நேரம் என்றால் டி.ஆர். வேண்டும். டேட்டாபேஸ் பிரதி மட்டும் எப்போதும் ஓடி, மற்றவை அணைந்திருக்கும் பைலட் லைட் முறை நடுத்தர நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் போதுமானது.

சிக்கல் வருவது சர்வர் எழுந்த பிறகுதான். ஐ.பி. முகவரி மாறியிருக்கும், அதை மென்பொருளுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தால் எதுவும் இணையாது. தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியோடு இணைப்பது டி.என்.எஸ். பதிவு; அதை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது டி.டி.எல். அது 86,400 விநாடி என்று இருந்தால் சிலர் ஒரு நாள்வரை பழைய முகவரிக்கே போவார்கள். இப்போதே 300 ஆக்கிவிடுங்கள். வன்பொருள் எண்ணோடு கட்டப்பட்ட லைசென்ஸ் புது இடத்தில் திறக்காது. எந்த சர்வர் முதலில் எழ வேண்டும் என்ற வரிசையையும் எழுதி வையுங்கள்: டி.என்.எஸ்., டொமைன், டேட்டாபேஸ், பிறகு அப்ளிகேஷன். பழைய இடம் சரியானதும் புதிதாகச் சேர்ந்த தரவோடு திரும்பி வருவது எப்படி என்றும் கேளுங்கள். விற்பவர்கள் அதிகம் பேசாத பகுதி அது.

மாற்றங்களை உடனுக்குடன் இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று நினைக்க வேண்டாம். தவறான டெலீட் கட்டளையும் நொடியில் மறுபக்கம் போகும்.

கேள்வி: எங்கள் சர்வர் ஹோஸ்டிங் நிறுவனத்திடமே இருக்கிறது. பேக்கப்பும் அவர்களே எடுக்கிறார்கள். போதுமா?

பதில்: எந்தக் கட்டடத்தில் என்று எழுத்தில் வாங்குங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் எஸ்.பி.ஜி.2 டேட்டா சென்டர் எரிந்தது. சர்வரும் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஒரு பிரதி வேறு நிறுவனத்திடம் இருக்கட்டும்.

கேள்வி: அபூர்வமாக எடுக்கும் தரவுக்கான ஆர்கைவ் வகைச் சேமிப்பு மலிவாக இருக்கிறதே?

பதில்: சட்டத்துக்காக வைத்திருக்கும் பழைய தரவுக்குச் சரி. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவில் கேட்ட கோப்பு படிக்கத் தயாராக 12 மணி நேரம்வரை ஆகும், மலிவான பல்க் முறையில் 48 மணி நேரம்வரை. 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு. வெளியே எடுப்பதற்குத் தனிக் கட்டணம். முழுத் தரவையும் ஒரே தடவை எடுத்தால் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் தினமும் பச்சை டிக் வருகிறது. சோதனையும் தேவையா?

பதில்: 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. தினப் பேக்கப்பைத் தேடிப்போனால் சேமிப்பிடம் காலியாக இருந்தது. டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாகச் சில மணி நேரம் முன் எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) கைகொடுத்தும் ஆறு மணி நேரத் தரவு போயிற்று.

மாதம் ஒருமுறை ஏதாவது பத்துக் கோப்புகளை மீட்டுத் திறந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸைத் தனி மெஷினில் மீட்டு, கடைசிப் பதிவின் நேரத்தைப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான ஆர்.பி.ஓ. தொடக்கம் முதல் முடிவுவரை கடிகாரத்தில் குறித்தால் ஆர்.டி.ஓ.வும் தெரியும். வேலையைப் பேக்கப் அமைத்தவரிடம் கொடுக்காதீர்கள். எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து இன்னொருவர் செய்யட்டும்.

கேள்வி: என்கிரிப்ஷன் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

பதில்: உங்களிடம். ஆனால் தொலைந்தால் சேவை நிறுவனத்தாலும் திறக்க முடியாது. அச்சிட்ட ஒரு பிரதியை உறையிலிட்டு அலுவலகத்துக்கு வெளியே, இரண்டு பொறுப்பாளர்களுக்குத் தெரிந்த லாக்கரில் வையுங்கள். பேக்கப் எடுக்கப்படும் அதே சர்வரில் மட்டும் வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.