எக்காளம் ஊதும் தேவதை

கேள்வி: ஐயா, மறைந்த என் அப்பாவின் தபால்தலை ஆல்பத்தில் 1965ஆம் ஆண்டு அமெரிக்கக் கிறிஸ்துமஸ் தபால்தலை ஒன்று இருக்கிறது. ஐந்து சென்ட். பறந்தபடியே எக்காளம் ஊதும் தேவதை. இது எந்தத் தேவாலயத்து ஓவியம்? நல்ல விலைக்குப் போகுமா?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: கோடிக்கணக்கில் அச்சான தலை, விலை போகாது. ஆனாலும் விற்றுவிடாதீர்கள், அம்மா.

சுவரோவியம் அன்று அது. மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட்டில், மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றின் உச்சியில் காற்றுக்கேற்பத் திரும்பிக்கொண்டிருந்த, தேவதை உருவிலான காற்றுத்திசைகாட்டி. 1840 வாக்கில் செய்யப்பட்டது. 1939இல் லூசில் ஷாபோ என்ற ஓவியர் அதை நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியத்தைத்தான் உங்கள் அப்பா சேர்த்து வைத்திருக்கிறார்.

பொருளாதார மந்தநிலையில் பிழைப்பிழந்த ஓவியர்களுக்கு ரூஸ்வெல்ட் அரசு சம்பளம் கொடுத்துச் செய்வித்த வேலைகளில் ஒன்று இது. பழைய கைவினைப் பொருட்களை உள்ளது உள்ளபடி வரைந்து பதிய வேண்டும். ஒட்டுத்துணிப் போர்வை, பூ எழுதிய மரப்பெட்டி, மண்ஜாடி, கப்பல் முகப்புச் சிற்பம், குழந்தைகளின் பொம்மை என 1935 முதல் 1942 வரை ஏறத்தாழ 18,000 படங்கள் சேர்ந்தன. இன்று அவை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

புகைப்படம் எடுத்திருக்கலாமே என்று தோன்றும். அன்றைய வண்ணப் புகைப்படத்துக்குச் செலவு அதிகம், நிறமும் நிலைக்காது. கையால் வரைவதில் வேறொரு பலனும் உண்டு. என் தாயாரின் பித்தளைச் செம்பை நான் நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறேன். உலோகத்தின் மினுக்கத்தைப் பூச முடியாது. தாளின் வெண்மையைத் தொடாமல் விட்டு, சுற்றிலும் மெல்லிய வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கழுத்துக்குக் கீழே இருந்த நசுங்கல் அன்றுதான் என் கண்ணில் பட்டது. முப்பது வருடம் அந்தச் செம்பில் தண்ணீர் குடித்தவன் நான்.

இந்தத் தொகுப்புக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ரூத் ரீவ்ஸ், துணி வடிவமைப்பாளர். 1956இல் இந்தியாவுக்கு வந்து நம் கைவினைகளில் ஈடுபட்டார். மெழுகில் உருவம் செய்து, அதை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கும் கலை பற்றி நூல் எழுதினார். 1966இல் டெல்லியில் காலமானார். உங்கள் தபால்தலை வெளியான மறுவருடம்.

வாஷிங்டன் கலைக்கூடத்தின் இணையதளத்தில் மூலப்படத்தை இலவசமாகப் பார்க்கலாம். இறக்கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து சென்ட் தபால்தலையில் தெரியாத தேய்மானம் அதில் தெரியும்.