பட்டாளத்து ஊரில் ஒரு கணக்குக் கூட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்துக்கும் சித்தூருக்கும் நடுவே, ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமத்தில் வசிக்கிறேன். அரசுகளின் ராணுவச் செலவைப் பற்றி மக்களிடம் பேசும் இயக்கம் 2011 முதல் ஆண்டுதோறும் பல நாடுகளில் நடப்பதை அறிந்து, எங்கள் வாசக வட்டத்தின் சார்பில் இங்கும் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தத் தீர்மானித்து, ‘பீரங்கியா, பள்ளிக்கூடமா?’ என்று தலைப்பும் வைத்துவிட்டோம். ஆனால் தெருவுக்குப் பத்துப் பேர் பட்டாளத்தில் இருக்கும் ஊர் இது. என் தந்தையும் முன்னாள் படைவீரர்தான். தலைப்பைக் கேட்ட நாள்முதல் அவர் என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. கூட்டத்தைக் கைவிட்டுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டத்தை நடத்துங்கள். தலைப்பை மட்டும் மாற்றுங்கள்.

பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் உங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் இதேபோன்ற கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ‘ஆயுதமா, அரிசியா?’ என்று எனக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. அவ்வாண்டின் பாதுகாப்பு ஒதுக்கீட்டைச் சொல்லி, அத்தனை லட்சம் கோடியும் ஆயுதத்துக்கே போவதுபோல நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை அதில் வைத்தபடி, “மாசாமாசம் இதுல ஏறுதே, இதுவும் ஆயுதமாங்க தம்பி?” என்று கேட்டார். உணர்ச்சிவசப்பட்டுக் கேட்கிறார் என்று எண்ணி ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து நிதிநிலை அறிக்கையைப் புரட்டியபோதுதான், அந்த அரங்கில் கணக்கைச் சரியாகப் பேசியவர் அவர் ஒருவரே என்பது உறைத்தது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது 6,81,210 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் இது ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நாட்டு மக்களை 140 கோடி என்று கொண்டு வகுத்தால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 4,866 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டீக்காசு. ஆனால் மொத்தத் தொகையைச் சொல்லி எவருக்கும் எதையும் விளங்கவைக்க முடியாது. லட்சம் கோடி என்பது காதுக்குப் பெரிய சத்தம், அவ்வளவுதான். அதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

அதற்கு உங்கள் பக்கத்திலேயே பொருள் இருக்கிறது. குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பெட்டியடைக்கும் வேலை பார்த்த அம்மா ஒருவரை மேடைக்கு அழைத்து, நூறு தீக்குச்சிகளை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். அவர் கைவேகத்தைப் பார்ப்பதற்கே கூட்டம் அமைதியாகிவிடும். பிறகு குவியல்களாகப் பிரியுங்கள். பணியிலிருப்போரின் சம்பளம், உணவு, எரிபொருள், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவுகளுக்கு 46 குச்சிகள். விமானம், கப்பல், பீரங்கி என்று புதிதாக வாங்குவதையும் கட்டுவதையும் உள்ளடக்கிய மூலதனச் செலவுக்கு 26. ஓய்வூதியத்துக்கு 24. எஞ்சிய 4 அமைச்சகத்தின் குடிமைப் பிரிவுக்கு. பெரியவரின் வங்கிப் புத்தகம் அந்த 24 குச்சிகளில் இருக்கிறது. ரூபாயில் 1,60,795 கோடி.

இந்தக் குவியல்களைப் பார்த்த பிறகு எழும் கேள்விகளே பேசத்தக்கவை. படைகளுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஆளெடுக்க 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்களுள் நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர். மற்றவர்கள் ஓய்வூதியமின்றி வீடு திரும்புவார்கள். 24 குச்சிகள் வருங்காலத்தில் எத்தனையாகக் குறையும், அந்த மிச்சம் எந்தக் குவியலுக்குப் போகும் என்ற கேள்வியை உங்கள் தந்தையின் வயதுக்காரர்கள் உங்களைவிடக் கூர்மையாகக் கேட்பார்கள்.

பள்ளிக்கூடத்தோடு ஒப்பிடுவது தவறில்லை. ஐசனோவரே, தளபதியாக இருந்து அமெரிக்க அதிபரானவர், 1953இல் ஆற்றிய உரையில், ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலை முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒவ்வொரு பள்ளிக்கூடம் கட்டுவதற்கு ஈடானது என்று கணக்குச் சொன்னார். ஆனால் நம் நாட்டில் பாதுகாப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவமனைகளும் பள்ளிகளும் பெரும்பாலும் மாநிலங்களின் பணத்தில் நடக்கின்றன. ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் ஒதுக்கீட்டை அதே அளவில் வைத்தால் 15 குச்சிகள் வரும். வையுங்கள், ஆனால் மாநிலச் செலவு இதில் சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு பீரங்கியை வாங்காவிட்டால் மறுநாளே உங்கள் பக்கத்துப் பரதராமி ஊருக்குப் பள்ளிக் கட்டடம் வந்துவிடும் என்ற தொனி வந்ததுமே எதிர்வரிசைக்காரர் ஜெயித்துவிடுவார்.

“சீனாக்காரன் வந்தா என்ன செய்வீங்க?” என்று யாரேனும் கேட்காமல் இருக்கமாட்டார்கள். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2024இல் சீனாவின் ராணுவச் செலவு 31,400 கோடி டாலர். உலகில் ஐந்தாம் இடத்திலிருந்த இந்தியாவின் செலவு 8,610 கோடி டாலர். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். செலவு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். செய்த செலவை யார் சரிபார்த்தார்கள் என்பதே உங்கள் கூட்டத்துக்குரிய பொருள். 2018 மார்ச்சில் மக்களவை எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும், அதாவது செலவுக்கான பணக் கோரிக்கைகளையும், விவாதமின்றி ஒரே மூச்சில் நிறைவேற்றியது. அதற்கு நாடாளுமன்ற வழக்கில், தலைவெட்டும் இயந்திரத்தின் பெயரான கில்லட்டின் என்றே பெயர். பிரான்சிடம் வாங்கிய 36 ரஃபேல் போர் விமானங்களைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2019 பிப்ரவரியில் விலைகள் மறைக்கப்பட்டே அவைக்கு வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு பாதுகாப்பு தொடர்பானவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. போர்த்திட்டத்தை வெளியிட முடியாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை, ஆனால் விலையும் போர்த்திட்டத்தில் சேர்த்தியா என்று கேட்கலாம்.

நடைமுறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளரங்கமாகப் பாருங்கள், மைக் வைப்பதானால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி பெறுங்கள், பீடிக்கும் லுங்கிக்கும் கூலி போடும் நாளைத் தவிருங்கள். சித்தூர்ப் பக்கத்து உறவுக்காரர்களும் வருவார்கள் என்பதால் அறிவிப்பில் தெலுங்கிலும் ஒரு வரி இருக்கட்டும். ‘நம் வரிப்பணத்தின் கணக்கு’ என்பது தலைப்புக்குப் போதும். கணக்கைத் தெலுங்கில் ‘லெக்க’ என்பார்கள், அது தமிழ்க் காதுக்கும் புரியும். பேச்சாளர் என்று எவரையும் வெளியூரிலிருந்து அழைக்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். உங்கள் தந்தையைத் தலைமை வகிக்கக் கேளுங்கள். மறுத்தால், குவியல்களுக்கு எதிரே எழுதி வைக்கப்போகும் விவரங்களையாவது முன்கூட்டியே அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாலு குச்சியை அலட்சியமாக ஓரம் தள்ளிவிட வேண்டாம். எல்லைச் சாலை அமைப்பும் கடலோரக் காவல் படையும் அதில்தான் வருகின்றன. லடாக்கில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் முதலில் அந்தச் சாலைகளைப் பற்றித்தான் கேட்பார்கள்.